இரண்டு ஆந்தைகளும் ஒரு குழந்தை அறையும்

கைபேசியும் கையுமாகக் கடைக்குள் வருகிற இளம் தம்பதிகளை இப்போதெல்லாம் வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு ஆறாவது ஏழாவது மாதம் இருக்கும். பையன் கைபேசியை என் முன்னால் நீட்டுவான். திரையில் ஓர் அறை: சாம்பல் கலந்த வெள்ளைச் சுவர், வெளிர் மரத்தில் ஒரு தொட்டில் கட்டில், மேகப் படம் போட்ட தலையணை, சுவரில் ஒரு நரியோ முயலோ, எல்லாமே ஒரே மங்கலான சாயலில். "இதே கலர் வேணும்" என்பார்கள். யார் வந்தாலும் காட்டுவது ஏறக்குறைய ஒரே அறைதான். ரங்கூனில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிற கடையில் கணக்கு எழுதுகிறவள் நான், கேட்ட நிறத்தைக் கலந்து கொடுத்து பில் போடுவதோடு என் வேலை முடிந்தது. ஆனால் தம்பி வீட்டில் குழந்தை பிறந்த சமயத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு, 'தீம்' என்று யாராவது சொன்னாலே மனசுக்குள் ஏதோ உறுத்துகிறது. அது என்ன உறுத்தல் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெளியும் போலிருக்கிறது.

தம்பி கட்டியிருப்பது பர்மியப் பெண்ணை. அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசவும் பேசுவாள். என்னை அக்கா என்பாள், அம்மாவை அத்தை என்பாள். அவளுடைய அம்மாவை நாங்கள் எல்லோரும் 'அமே' என்றுதான் கூப்பிடுகிறோம், அம்மா மட்டும் சம்பந்தியம்மா என்பார். வீடு நகரத்துக்குள், காளி கோவிலுக்கு நடந்து போகிற தூரத்தில், பழைய செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடி. இந்த ஊர் வீடுகள் எப்படியென்று உங்களுக்குத் தெரியும்: 12.5 அடி அகலம், 50 அடி நீளம், வெளிச்சம் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும், நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து அதையே அறை என்று சொல்லிக்கொள்வது. அப்படி ஒரு தடுப்பைப் போட்டுத்தான் தம்பி குழந்தைக்கு அறை செய்தான். மூன்று பக்கம் பிளைவுட், ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டிய பழைய சுண்ணாம்புச் சுவர்.

குழந்தைக்கென்று தனி அறை என்பதே நம் வீடுகளில் இல்லாத வழக்கம். நானும் தம்பியும் கூடத்தில் உத்தரத்தில் கட்டிய தூளியில் வளர்ந்தவர்கள். அம்மாவின் பழைய நூல் சேலைதான் சுவர், கூரை, படுக்கை எல்லாம். அந்தச் சேலையில் என்ன பூப் போட்டிருந்ததோ அதுதான் எங்கள் அறையின் அலங்காரம். அதனால் தம்பி ஆசைப்பட்டதை நான் குறை சொல்ல வரவில்லை. தனக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. ராத்திரி வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, எந்தப் பக்கம் கட்டில், எந்தப் பக்கம் அலமாரி என்று தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு பிரியத்தோடு அவன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமைச் சிங்கம்

அவன் தேர்ந்தெடுத்த தீம் காடு. ஆனால் நம்ம ஊர்க் காடு இல்லை. யானையும் புலியும் இருவாச்சிப் பறவையும் இருக்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு, கைபேசியில் பார்த்த குளிர்நாட்டுக் காட்டை வரவழைத்தான்: நரி, மான்குட்டி, முள்ளெலி, ஊசியிலை மரம். நடுவில் மட்டும் பெரிதாக ஒரு சிங்கம். குளிர்நாட்டுக் காட்டுக்குள் சிங்கம் எங்கிருந்து வந்தது என்றால், அது தம்பி பெண்டாட்டிக்காக. பர்மியர்களுக்குப் பிறந்த கிழமைதான் எல்லாம். ஞாயிறு கருடன், திங்கள் புலி, செவ்வாய் சிங்கம், புதன் காலை தந்தமுள்ள யானை, புதன் மதியத்துக்கு மேல் தந்தமில்லாத யானை, வியாழன் எலி, வெள்ளி கினிப்பன்றி, சனி நாகம். ஏழு நாளில் எட்டுக் கிழமை. ஷ்வேடகோன் பகோடாவில் அவரவர் கிழமைக்குரிய மூலையில் நின்று தண்ணீர் ஊற்றுவதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம், நம்மில் பலர் ஊற்றியும் இருக்கிறோம். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால் சிங்கம்.

அம்மாவுக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. பிறக்கிறதற்கு முன்னாலேயே தொட்டில் வாங்குவதா, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் தடுப்பு வைக்கிறேன் என்று ஆணி அடிப்பதா என்று வந்து வந்து சொல்லிவிட்டுப் போனார். தம்பி சிரித்து மழுப்பிவிட்டான். நான் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. அந்தச் சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன் அடிக்காதே, மழைக்காலத்தில் கொப்பளிக்கும் என்று சொன்னேன். படத்தில் இருக்கிற அந்தச் சாம்பல் நிறம் சுண்ணாம்பில் வராது என்றான். அதுவும் உண்மைதான். வெயில் காலத்திலேயே அடித்து முடித்து, முன்பின் கதவுகளைத் திறந்து போட்டு, வாடை முழுக்கப் போகும்வரை அவளை அவள் அம்மா வீட்டில் இருக்க வைத்தான். அந்த மட்டும் கவனமாகத்தான் செய்தான்.

குழந்தை பிறந்தது வியாழக்கிழமை. சிங்கம் போய் எலி வந்துவிட்டது. அமே மருத்துவமனை வராந்தாவில் "வியாழன், வியாழன்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எலி என்று கேட்டதும் அம்மா, "பிள்ளையார் வாகனம், நல்லதுதான்" என்றார். பெயர் விஷயத்திலும் சிக்கல் வரவில்லை. வியாழனுக்குப் பர்மிய வழக்கத்தில் ப வரிசை எழுத்துகள், அதில் ம-வும் உண்டு. ம-வில் தொடங்கும் பெயருக்கு நம்மிடம் என்ன பஞ்சமா? இரண்டு பக்கமும் ஒரே பெயரில் ஒத்துப்போனது. சுவரில் இருந்த சிங்கத்தை மட்டும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஆந்தை வந்த நாள்

பெயர் வைத்துத் தொட்டிலில் போடுகிற நாளில் அத்தைக்குத்தான் முதல் உரிமை. குழந்தையை என் மடியில் கொடுத்தார்கள். காதில் மூன்று முறை பெயர் சொல்லித் தூளியில் போட வேண்டும். அம்மா தூளிக்காகத் தன் அரக்குச் சேலையைக் கொண்டுவந்திருந்தார், துவைத்துத் துவைத்துத் தொட்டால் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட சேலை. கூடவே மயில் போட்ட ஒரு சிறிய மெத்தை விரிப்பும், ஓரத்தில் பச்சையும் நீலமுமாகப் பளிச்சென்று. அமே ஒரு மூங்கில் கூடையோடு வந்தார். கூடைக்குள் ஷ்வேடகோன் படிக்கட்டுக் கடைகளில் விற்கும் காகிதக்கூழ் பொம்மைகள்: சிவப்பும் தங்கமுமாக, எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கிற முட்டை வடிவப் பொம்மை ஒன்று, அப்புறம் இரண்டு ஆந்தைகள். ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று சின்னது. உடம்பெல்லாம் தங்க வண்ணம், கண்ணைச் சுற்றிக் கன்னங்கரேலென்று வட்டம், நடுவில் வெள்ளை, அதற்குள் கருமணி.

முட்டைப் பொம்மையை அம்மா உடனே கையில் எடுத்துக்கொண்டார். "தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரியே இருக்கே" என்று தரையில் வைத்துத் தட்டிவிட்டுப் பார்த்தார். அது சாய்ந்து எழுந்தது. அதே முட்டை வடிவம், அதே சிவப்பு. அம்மா தஞ்சாவூரைப் பார்த்ததில்லை, தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த பொம்மை ஒன்றுதான் அவருக்குத் தஞ்சாவூர். ஆனால் ஆந்தைகள் வெளியே வந்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், பர்மியர் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஜோடி ஆந்தை உட்கார்ந்திருப்பதை ஆயுசு முழுக்கப் பார்த்தவர். அவர்களுக்கு அது அதிர்ஷ்டம், வீட்டுக்குச் செல்வம் சேர்க்கும் பறவை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கடையில் இருப்பது வேறு, பச்சைக் குழந்தையின் தலைமாட்டில் இருப்பது வேறு. ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்த காது அது. "குழந்தை கிட்டேயா?" என்று மட்டும் கேட்டார், அதுவும் தாழ்ந்த குரலில். அமேக்குத் தமிழ் தெரியாது. முகம் புரிந்துவிட்டது.

எனக்கும் அந்த ஆந்தைகள் விஷயத்தில் ஒரு தயக்கம் இருந்தது, காரணம் வேறு. அந்தத் தங்கப் பூச்சு என்ன பெயிண்ட் என்று யாருக்குத் தெரியும்? பெயிண்ட் கடையில் இருப்பவளுக்கு முதலில் ஈயம்தான் ஞாபகம் வரும். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

சங்கடத்தைத் தீர்க்க வேண்டும் என்று தம்பி வாயைத் திறந்தான். "விடுங்க, அது எப்படியும் தீமுக்கு ஒத்து வராது. அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஆந்தைகளைக் கூடைக்குள் வைத்தான். யாரையும் நோகடிக்காமல் பேசிவிட்டதாகத்தான் நினைத்திருப்பான். அரை மணி நேரம் கழித்து அம்மா மயில் விரிப்பைக் கட்டிலில் விரிக்கப் போனபோதும் அதே வாக்கியம், "அம்மா, அது தீமுக்கு ஒத்து வராது." அரக்குச் சேலைத் தூளியையும் கூடத்தில் கட்டிக்கொள்ளலாம், அந்த அறைக்குள் வேண்டாம் என்றான்.

அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்த தம்பி பெண்டாட்டி சுவரைக் காட்டிக் கேட்டாள். "எங்கம்மா கொண்டுவந்தது ஒத்து வரலை. அத்தை கொண்டுவந்தது ஒத்து வரலை. சரி, இந்த நரியை யார் கொடுத்தது?"

அந்த நரியை யாரும் கொடுக்கவில்லை. அதை யாரும் தைக்கவில்லை, கூடையில் சுமந்து மூன்று மாடி ஏறவில்லை. ஒரு படத்தில் இருந்தது, அதனால் சுவருக்கு வந்தது. அவள் கேட்டதில் கோபம் இல்லை, நிஜமாகவே யோசித்துக் கேட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தச் சாம்பல் நிறத்தைக் கடையில் வந்து தேர்ந்தெடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. எனக்கு அன்றைக்குத்தான் உறுத்தலின் வேர் பிடிபட்டது. ஓர் அறைக்குத் தீம் வைப்பது என்றால் எதையெல்லாம் அந்த அறைக்குள் விடக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. பெரியவர்கள் தங்கும் அறைக்கு அப்படிச் செய்துகொண்டால் பரவாயில்லை. ஒரு குழந்தை பிறந்தால் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள், ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள், ஒன்றுக்கொன்று நிறம் ஒத்துப்போகாது. பிறப்பு என்றாலே அந்தக் கலவைதானே. அதை வாசலிலேயே நிறுத்துகிற அறை யாருக்காக?

குழந்தைக்கு என்ன தெரியும்

குழந்தைக்காக என்று சொல்ல முடியாது. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவு. மடியில் கிடக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் அது. அதற்கப்பால் எல்லாம் மங்கல். நிறங்களில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது இரண்டு மாத வாக்கில் வருகிறது, நீலமும் மஞ்சளும் அதற்குக் கொஞ்சம் பின்னால், நாலு மாதத்தில் ஏறக்குறைய எல்லா நிறமும் பிடிபட்டுவிடும். முதல் வாரங்களில் அதன் கண் தேடுவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள அழுத்தமான விளிம்பை, முகம் போல இருக்கும் எதையும். அதாவது நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற அந்த மெல்லிய சாம்பலும் இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் அதன் கண்ணில் படவே படாது. நம் பாட்டிமார் கட்டுகிற கருவளையல் படும்.

பெண்ணுக்கு ரோஸ், ஆணுக்கு நீலம் என்று இப்போதும் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அதுவும் என்றைக்கும் இருந்த விதி இல்லை. 1918-இல் அமெரிக்கத் துணி வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை இதற்கு நேர்மாறாக, ரோஸ் அழுத்தமான நிறம், ஆண் குழந்தைக்கு ஏற்றது, நீலம் மென்மையானது, பெண்ணுக்கு என்று எழுதியது. இந்த ஊரில் ரோஸ் என்றால் எனக்குக் காலையில் வரிசையாக நடந்துவரும் மொட்டை அடித்த பிக்குணிகளின் அங்கிதான் ஞாபகம் வருகிறது. ஒரு நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பது நாம் நிற்கிற தெருவைப் பொறுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீமோடு சேர்த்து ஒரே துணியில் தைத்து விற்கிற மேகத் தலையணை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டு இதெல்லாம் கட்டிலுக்குள் இருக்கவே கூடாதவை. மூச்சுத் திணறலுக்குக் காரணமாகின்றன என்று அமெரிக்காவில் அந்தப் பஞ்சுத் திண்டை விற்பதையே 2022-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். குழந்தையை மல்லாக்கக் கெட்டியான சமமான மெத்தையில், சுற்றிலும் ஒன்றும் வைக்காமல் படுக்கவைக்க வேண்டும், குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோர் தூங்கும் அறையிலேயே தனிப் படுக்கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கேயுள்ள குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. இதைச் சொன்னதும் தம்பி திண்டை அன்றைக்கே கழற்றிவிட்டான். தூளியும் வளைந்த படுக்கைதான், அதனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டும்போது மட்டும் தூளி, ராத்திரிக்குக் கட்டில் என்று வைத்துக்கொண்டோம். அதற்கு மேல் கொசுவலை. டெங்கு வருகிற ஊரில் வலை இல்லாமல் எந்தக் குழந்தை தூங்குகிறது? வலைக்குள் படுத்திருக்கும் குழந்தைக்கு அந்த அறையே வெள்ளை மூட்டம்தான். படங்களில் எதிலாவது கொசுவலை இருக்கிறதா என்று பாருங்கள்.

சுவர் தன் பங்குக்குப் பேசியது

நான் பயந்தது ஆடியில் நடந்தது. ரங்கூனில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி வைகாசியிலிருந்து ஐப்பசிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பழைய செங்கல் சுவர் தண்ணீரைக் குடிக்கும். சுண்ணாம்பு பூசியிருந்தால் குடித்ததை வெளியே விட்டுவிடும். மேலே எமல்ஷன் பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடிக்கொண்டால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். முதலில் சிங்கத்தின் வயிற்றில் ஒரு கொப்புளம் வந்தது. அப்புறம் மான்குட்டியின் பக்கம். விரலால் அழுத்தினால் உள்ளே ஈரம் நகர்வது தெரிந்தது. கட்டிலுக்குப் பின்னால் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. குழந்தையைக் கட்டிலோடு முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், மழை விடும்வரை அவன் அங்கேதான் இருந்தான்.

கார்த்திகையில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். முன்பெல்லாம் வீடுகளில் செய்வது போலத்தான்: கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, கையில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் வஜ்ரப் பசை காய்ச்சிச் சேர்ப்பது. சுண்ணாம்பில் காரம் அதிகம், அதில் பூஞ்சை லேசில் பிடிக்காது. நிறத்துக்கு மஞ்சள் காவி, கடையில் யெல்லோ ஓக்கர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அது இரும்புச் சத்துள்ள மண், சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பர்மியப் பெண்கள் தனாக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிக் காய்ந்தால் என்ன வெளிர்மஞ்சளோ, அந்த நிறத்துக்குக் கொண்டுவந்தோம்.

நடுவில் அம்மா வந்தார். சுப காரியம், ஒரு சிட்டிகை மஞ்சள் போடாமல் அடிக்கலாமா என்று அடுப்படியிலிருந்து மஞ்சள்தூளை எடுத்துவந்து ஒரு சின்ன வாளியில் தூவினார். தூவிய இடத்தில் முதலில் மஞ்சளாகவே ஒரு புள்ளி மிதந்தது. குச்சியால் ஒரு சுற்றுச் சுற்றியதும் அந்தப் புள்ளி வால் முளைத்து நீண்டு, நீண்ட இடமெல்லாம் சிவந்து, அடுத்த சுற்றில் வாளி முழுக்கக் கலங்கிய செம்மண் நிறமாகிவிட்டது. பூசுகிற பர்மிய ஆள் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். நமக்குத் தெரிந்ததுதான், ஆரத்தி கரைத்தால் வேறென்ன நிறம் வரும்? அமே குனிந்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி ஜாடை காட்டினார். மஞ்சள்தூள் நிறம் வெயிலில் நிற்காது என்பதால் அந்த வாளியைக் கதவு மூலையில் மட்டும் அடித்தோம். இப்போது அந்த மூலையில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கு அது போதும்.

ஈயத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பெயிண்டில் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு இவற்றுக்கு நெடுங்காலம் சேர்த்து வந்தது ஈயக் குரோமேட். நாம் மங்களம் என்று நினைக்கிற நிறங்களின் எனாமல் பெயிண்ட்களில்தான் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்பு. குழந்தையின் உடம்பு விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும், அது போய்ச் சேருவது வளர்கிற மூளையில். இவ்வளவு வரைக்கும் ஆபத்தில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் 1978-இல் தடுத்தது. இந்தியா 2016-இல் விதி கொண்டுவந்து, பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்றது. இங்கே எங்கெங்கிருந்தோ வருகிற டப்பாக்களில் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று நானே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் குழந்தை அறைக்குக் கொடுக்கிறேன். எழுதாத டப்பாவைக் கேட்டாலும் கொடுப்பதில்லை. பழைய ஜன்னல் கம்பி, பழைய கதவு, பழைய தொட்டில் இவற்றில் இருக்கும் எனாமலை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள்தான் மோசம். பிள்ளை பெறப் போகிறவள் அந்தப் பக்கமே இருக்கக்கூடாது. ஆணி அடிக்காதே, இடிக்காதே என்று அம்மா சொன்னதைத் தம்பி சிரித்து ஒதுக்கினான். ஆனால் பழைய வீட்டில் இடித்தால் பறக்கிற தூசி யாருக்கு நல்லது என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் ஆந்தைகள் குழந்தையின் வாய்க்கு எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தலைமாட்டில் வேண்டாம் என்பது அம்மாவின் நிபந்தனை. வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்பது அமேயின் ஆசை. மூன்றும் சேர்ந்து ஆந்தைகளைக் கட்டிலுக்குப் பக்கவாட்டுத் தடுப்பில், எட்டாத உயரத்தில் ஒரு பலகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பக்கத்தில் எழுந்து நிற்கிற பொம்மை. கீழே மயில் விரிப்பைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. தம்பி மான்குட்டியை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான், ஏன் வேண்டாம், அவன் ஆசைப்பட்டு ஒட்டியதுதானே. புதிய சுண்ணாம்பில் ஒட்டும் படம் நிற்காது என்பதால் அதை அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டாள் தம்பி பெண்டாட்டி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிறங்கள். அந்தத் தனாக்கா நிறச் சுவருக்கு முன்னால் எல்லாமே உட்கார்ந்துகொண்டன. நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே ரகசியம் இதுதான்: சுவர் அமைதியாக இருந்தால் மேலே வருகிறவர்கள் சண்டை போடுவதில்லை.

அம்மா ஆந்தைகளை இன்னும் பிரியமாகப் பார்ப்பதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பலகைக்குப் போவதற்கு முன்னால், குழந்தைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு மின்வெட்டு நேரத்தில் தம்பி பெண்டாட்டி சின்ன ஆந்தையைக் கையில் வைத்து மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்த, சார்ஜ் லைட் வெளிச்சத்தில் அவன் கண் அந்தக் கறுப்பு வெள்ளை வட்டத்தையே பிடித்துக்கொண்டு கூடக்கூட வந்ததை அம்மாவும் பார்த்தார். அதுவரை அவன் எதையும் அப்படித் தொடர்ந்து பார்த்ததில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மழைக்குப் பிறகு காகிதக்கூழ் பொருமி, சின்ன ஆந்தையின் ஒரு கண்ணில் கறுப்பு உரிந்திருந்தபோது, "கண்ணை மட்டும் நல்ல பெயிண்ட்ல எழுதிக் கொண்டா, அரைக்கண்ணோட இருக்கக்கூடாது" என்று என்னிடம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

சுண்ணாம்பு என்றால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை, வருஷத்துக்கு ஒருமுறை மனசு மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. இந்தத் தடவை தம்பி பெண்டாட்டி லேசான பச்சை கேட்கிறாள். கைபேசியில் படம் எதுவும் காட்டவில்லை. அட்டையில் பார்க்கிற நிறம் நாலு சுவரிலும் ஏறினால் இரண்டு மடங்கு அழுத்தமாகத் தெரியும் என்பதால், மூன்று விதமாகக் கரைத்துச் சுவரிலேயே பட்டை பட்டையாக இழுத்துவிட்டு வந்திருக்கிறேன். காலை வெளிச்சத்தில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, கரண்ட் போனபின் சார்ஜ் லைட்டில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல் என்றேன். அமே நடுப்பட்டை என்கிறார். அம்மா இன்னும் வந்து பார்க்கவில்லை. மழை விட்ட பிறகுதான் வேலை, அதனால் அவசரமில்லை.